நூலக ஆராய்ச்சிச் சொற்கள்: ஒரு தேயிலைத் தலைப்பை வெச்சுப் புரிஞ்சுக்கலாம்

[திரையில்: குன்னூர்ச் சரிவில் தேயிலைத் தோட்டம். மேலே ஒரு தேடல் பெட்டி.]

வணக்கம். ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலயோ, கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்துலயோ ஆராய்ச்சி தொடங்கியிருக்கீங்க. தலைப்பு 'நீலகிரியின் சிறு தேயிலை விவசாயிகள்'னு வெச்சுக்குவோம். நூலகக் கணினியில அதை அப்படியே அடிக்கறீங்க. 'முடிவு எதுவும் இல்லை'ன்னு வருது. இதுல யாருமே எழுதலைன்னு அப்பவே முடிவு கட்டிடாதீங்க. பெரும்பாலும் எழுதியிருப்பாங்க, வேற சொல்லுல எழுதியிருப்பாங்க.

முதல்ல ஓபேக். நூலகத்தோட கணினிப் பட்டியலுக்கு அதுதான் பேரு. புத்தகத் தலைப்பு, ஆசிரியர், பொருள், பதிப்பாளர், இதுக்குள்ளதான் ஓபேக் தேடும். புத்தகத்துக்குள்ள இருக்கற பக்கங்களையோ, ஆய்விதழ்ல வந்த கட்டுரைகளையோ அது பொதுவா பார்க்காது. சிறு விவசாயிகளைப் பத்தி நாற்பது பக்க அத்தியாயம் ஒரு புத்தகத்துல இருந்தாலும், தலைப்புல அந்தச் சொல் இல்லேன்னா உங்க கண்ணுல படாது. அதனால ஓபேக்ல பெரிய சொல்லைப் போடுங்க: 'தேயிலை' மட்டும் போதும். புத்தகத்தை எடுத்து, கடைசியில இருக்கற சொல்லடைவுல உங்க சின்னச் சொல்லைத் தேடுங்க.

[திரையில்: புத்தக முதுகுச் சீட்டு. 633.72]

பட்டியல்ல ரெண்டு எண் தெரியும். அக்சஷன் நம்பர்ங்கறது ஒவ்வொரு பிரதிக்கும் நூலகம் போடற பதிவு எண். கால் நம்பர்தான் அலமாரியில இடத்தைக் காட்டும். பல பேரு அக்சஷன் நம்பரைக் குறிச்சுக்கிட்டு அலமாரி அலமாரியா அலைவாங்க. முதுகுச் சீட்டுல ஒட்டியிருக்கறது எதுவோ, அதைக் குறிச்சுக்குங்க.

இந்த எண்ணைக் கொஞ்சம் நின்னு பார்க்கணும். புத்தகங்களைப் பொருள்வாரியா எண் போட்டு அடுக்கற முறை ஒண்ணு, 1876-ல வந்த டியூயி தசம வகைப்பாடு. அதுல தேயிலைச் சாகுபடி 633.72. காபி அடுத்தாப்ல, 633.73. ஆனா பறிச்ச இலையைத் தொழிற்சாலையில தூளாக்கறது 663.94. தேயிலையோட பொருளாதாரமும் விலையும் 338.17372. நீலகிரி மாவட்ட வரலாறு 954.82-க்குப் பக்கத்துல இருக்கும். ஒரே தலைப்பு நாலு அலமாரியில கிடக்குது. 633.72-ல மட்டும் நின்னுட்டுத் திரும்பினா செடி கிடைக்கும், விவசாயி கிடைக்கமாட்டார்.

தசம எண்ணைப் படிக்கறதுலயும் ஒரு வழுக்கல் இருக்கு. 954.82 முன்னாடியா, 954.9 முன்னாடியா? 82 பெருசுன்னு நினைச்சு 9-க்கு அப்புறம் தேடுவாங்க. புள்ளிக்கு அப்புறம் ஒவ்வொரு இலக்கமா ஒப்பிடணும். 8 முதல்ல, 9 பிறகு. அதனால 954.82 தான் முன்னாடி வரும்.

சில நூலகங்கள்ல முதுகுச் சீட்டு எழுத்துல தொடங்கி, நடுவுல முக்காற்புள்ளியும் இருக்கும். அது கோலன் வகைப்பாடு. சீர்காழியில பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகரா இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1933-ல வெளியிட்டது. உலக நூலகவியலுக்கு நம்ம மண்ணு கொடுத்த கொடை அது. அந்தச் சீட்டைப் பார்த்தா நகர்ந்துடாதீங்க, நூலகர்கிட்ட கேளுங்க.

இப்போ முக்கியமான இடம்: கீவேர்டும் பொருள் தலைப்பும். கீவேர்டு நீங்களா யோசிச்சுப் போடற சொல். பொருள் தலைப்புங்கறது நூலகர்கள் ஒரு விஷயத்துக்கு ஒரே பேரா நிர்ணயம் பண்ணி வெச்சது. ஆங்கிலப் பட்டியல்கள்ல தேயிலை வணிகம் எல்லாம் 'டீ டிரேட்'ங்கற தலைப்புக்குள்ள போகும். அந்தப் பேரு நமக்குத் தானா தோணாது. அதனால இப்படிப் பண்ணுங்க: கீவேர்டு போட்டு, பொருத்தமான ஒரே ஒரு புத்தகத்தைக் கண்டுபிடிங்க. அதோட முழுப் பதிவைத் திறங்க. 'பொருள்'ங்கற வரியில இருக்கற தலைப்பை அமுக்குங்க. அதே தலைப்புல இருக்கற மத்த புத்தகங்களும் வந்து நிக்கும்.

[திரையில்: நீல்கிரிஸ், நிலகிரி, நீல்கெர்ரி. ஊட்டி, ஊட்டகமண்ட், உதகமண்டலம். பழனி, பல்னி, புல்னி.]

மலைகளைப் பத்தித் தேடறவங்களுக்கு எழுத்துக்கூட்டல்தான் பெரிய சோதனை. 1880-ல பிரிட்டிஷ் அதிகாரி கிரிக் தொகுத்த நீலகிரி மாவட்டக் கையேட்டுலயே ஆங்கிலத்துல 'நிலகிரி'ன்னுதான் இருக்கு. அதுக்கும் முந்தின எழுத்துகள்ல 'நீல்கெர்ரி'. படகர்களை 'பர்கர்'னு எழுதியிருப்பாங்க. பழனி மலை 'புல்னி'யா இருக்கும். வெளிநாட்டு நூலகங்கள் தமிழ்ப் புத்தகத் தலைப்பை ரோமன் எழுத்துல மாத்தறப்போ, எழுத்துக்கு எழுத்து போட்டு 'நீலகிரி'யோட 'க'வுக்கு ஆங்கில 'கே' வெச்சிருப்பாங்க, 'ஜி' இல்லை. வேட்டையைத் தொடங்கறதுக்கு முன்னாடி ஒரு தாள்ல இந்தப் பேருகளை எல்லாம் எழுதி வெச்சுக்குங்க.

அந்தப் பேருகளைச் சேர்க்கறதுக்குத்தான் பூலியன் சொற்கள்: ஆண்ட் (ரெண்டு சொல்லும் இருக்கணும்), ஆர் (ஏதாவது ஒண்ணு இருந்தா போதும்), நாட் (இந்தச் சொல் இருக்கக்கூடாது). ஆங்கிலப் பெரிய எழுத்துல அடிக்கணும். ஒரே பொருள் தர்ற சொற்களை 'ஆர்' போட்டு, அடைப்புக்குறிக்குள்ள வெச்சு, வெளியில 'ஆண்ட்' போட்டுத் தேயிலையைச் சேருங்க. அடைப்புக்குறியை விட்டுட்டா, பல தளங்கள் 'ஆண்ட்'டை முதல்ல கணக்குல எடுத்து, நீலகிரி பத்தின எல்லாத்தையும், யூகலிப்டஸ்ல இருந்து ஊட்டி ரயில் வரைக்கும் கொட்டிடும். 'நாட்'டை ரொம்ப யோசிச்சுப் போடுங்க. 'தேயிலை நாட் காபி'ன்னு போட்டா, ரெண்டையும் பேசற கட்டுரை மொத்தமா போயிடும். நீலகிரியில ரெண்டும் சேர்ந்தே எழுதப்பட்டது நிறைய.

நட்சத்திரக் குறி (*) சொல்லோட முடிவை விரிக்கும். குறிஞ்சிச் செடியில ஆராய்ச்சி பண்றவங்களுக்கு இது உயிர் காக்கும்: பழைய கட்டுரைகள்ல அதோட தாவரவியல் பேரு 'குந்தியானஸ்', இப்போ 'குந்தியானா'. 'குந்தியான்' வரைக்கும் அடிச்சு நட்சத்திரம் போட்டா ரெண்டும் வரும்.

கட்டுரைகள் ஓபேக்ல இல்லைன்னு சொன்னோம். அது டேட்டாபேஸ்ல, அதாவது கட்டுரைகளையும் ஆய்வேடுகளையும் தொகுத்து வெச்சிருக்கற இணையக் களஞ்சியங்கள்ல இருக்கும். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் ஷோத்கங்கால கிடைக்கும், பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கற மத்திய அமைப்பான இன்ஃப்ளிப்நெட் நடத்தற தளம். ஒவ்வொரு அத்தியாயமும் தனித்தனிக் கோப்பா இருக்கறதால, முதல்ல கடைசியில இருக்கற கோப்புகளைத் திறங்க. பெரும்பாலும் அங்கதான் நூற்பட்டியல் இருக்கும். அவங்க படிச்சதை நீங்க பின்தொடரலாம். கூகுள் ஸ்காலர்ல 'சைட்டட் பை' அமுக்கினா, அந்தக் கட்டுரைக்கு அப்புறம் அதை மேற்கோள் காட்டினவங்க வருவாங்க. ஒண்ணு பின்னாடி போகுது, ஒண்ணு முன்னாடி போகுது. ரெண்டையும் பண்ணுங்க.

அப்ஸ்ட்ராக்ட் கட்டுரைச் சுருக்கம் மட்டுமே. அதை மட்டும் படிச்சுட்டு மேற்கோள் காட்டாதீங்க, நிபந்தனைகளும் விதிவிலக்குகளும் உள்ளேதான் இருக்கும். டிஓஐ, 10-ல தொடங்கற எண், கட்டுரைக்கு நிரந்தர முகவரி. இணைய இணைப்பு செத்தாலும் இது பிழைக்கும். ஐஎஸ்பிஎன் புத்தகத்துக்கு (2007-லேருந்து 13 இலக்கம்), ஐஎஸ்எஸ்என் இதழுக்கு (8 இலக்கம்). ஐஎஸ்எஸ்என் இருக்கறதாலயே இதழ் தரமானதுன்னு ஆகாது. தரத்துக்குப் பார்க்க வேண்டியது பியர் ரிவ்யூ: துறை அறிஞர்கள் படிச்சுத் திருத்தம் சொன்ன பிறகு பிரசுரம் ஆனதா? காசு கட்டினா ஒரே வாரத்துல பிரசுரம்னு சொல்ற இதழ்ல அது நடந்திருக்க வழியில்லை.

[திரையில்: கொடைக்கானல் வானாய்வகம்]

முதன்மை ஆதாரம், இரண்டாம் நிலை ஆதாரம்: மூலமா நேரடியா கிடைக்கறது முதல் வகை, அதை வெச்சு வேற ஒருத்தர் விளக்கறது ரெண்டாவது. கொடைக்கானல்ல இருந்து ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகள்ல வாயு ஓடறதைக் கண்டு 1909-ல எழுதின கட்டுரை முதன்மை. அதை விளக்கற பாடநூல் இரண்டாம் நிலை. தேயிலையில குன்னூர் ஏல விலைப் பதிவுகள், அரசாணைகள், விவசாயிங்க கிட்ட நீங்க எடுக்கற பேட்டி, இதெல்லாம் முதன்மை. ஆனா இது பொருளுக்கு நிரந்தரமா ஒட்டின பட்டம் இல்லை, உங்க கேள்வியைப் பொறுத்தது. பிரிட்டிஷ் அதிகாரி தோடர்களைப் பத்தி எழுதின அறிக்கை, அதிகாரிங்க என்ன நினைச்சாங்கன்னு கேட்டா முதன்மை ஆதாரம். தோடர்கள் என்ன நினைச்சாங்கன்னு கேட்டா அது சாட்சியே இல்லை. இந்த இடத்துல கவனமா இருங்க, மலைவாழ் மக்களுக்குச் செய்யற நியாயமும் இதுல அடங்கியிருக்கு.

கடைசியா சிமிலாரிட்டி அறிக்கை, அதாவது உங்க எழுத்து மத்தவங்க எழுத்தோட எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு காட்டறது. பல்கலைக்கழக மானியக் குழுவோட (யூஜிசி) 2018 விதிப்படி 10 சதவீதம் வரைக்கும் ஒத்துப்போனா தண்டனை இல்லை. முறையா மேற்கோள் காட்டின வரிகளும் நூற்பட்டியலும் கணக்குல சேராது. அதனால மேற்கோள் குறி, ஆசிரியர், ஆண்டு, பக்க எண், நாலையும் படிக்கறப்பவே குறிச்சுக்குங்க. கூடவே எந்தத் தளம், என்ன தேதி, எந்தச் சொற்களை எப்படிச் சேர்த்து அடிச்சீங்கன்னும் எழுதி வைங்க. கல்லூரியில இல்லாத புத்தகத்தை நூலகங்களுக்கிடையேயான இரவல்ல கோயம்புத்தூர்லேருந்தோ காந்திகிராமத்துலேருந்தோ வரவழைக்க நூலகர்கிட்ட கேக்கறப்போ, அந்தத் தாளையும் முழு விவரத்தையும் கையில வெச்சிருந்தா அவர் தேடலை அங்கேருந்தே தொடங்கிடுவார்.