தரையில் தொடங்கும் செட்டிநாடு

வணக்கம். மதுரை மாட்டுத்தாவணியில் காரைக்குடிப் பேருந்து ஏறினால் மேலூர், திருப்பத்தூர் வழியாகக் காலைப் பொழுதுக்குள் செட்டிநாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். பெரும்பாலோர் நேரே கானாடுகாத்தான் அரண்மனை வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டோடு திரும்பிவிடுகிறார்கள். முதலில் ஆத்தங்குடிக்குப் போய், தரைக்கல் வார்க்கும் கொட்டகை ஒன்றில் அரை மணி நேரம் இருந்துவிட்டு வீடுகளைப் பார்ப்பதே நல்லது என்போம்.

(காட்சி: கொட்டகை, கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டம்)

ஆத்தங்குடிக் கல்லைக் குப்புறப் போட்டுத்தான் செய்கிறார்கள். கண்ணாடியின் மேல், பூ வடிவில் தடுப்புகள் கொண்ட தகட்டு அச்சை வைத்து, ஒவ்வொரு தடுப்பிலும் கூழாகக் கரைத்த வண்ணச் சிமென்டை ஊற்றி, நிறங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடாதபடி அச்சை நிதானமாக மேலே தூக்குகிறார் தொழிலாளி. ஈரத்தை உறிஞ்ச உலர்ந்த சிமென்டும் மணலும் தூவி, அதன்மேல் கலவையை நிரப்பிக் கரணையால் மட்டம் செய்கிறார். சூளையும் இல்லை, மெருகேற்றும் இயந்திரமும் இல்லை. தண்ணீர்த் தொட்டியில் ஊறி, வெயிலில் காய்ந்து, கண்ணாடி விலகும்போது அதன் வழவழப்பு கல்லின் முகத்தில் அப்படியே இறங்கியிருக்கும்.

(காட்சி: நகரத்தார் வீட்டு வளவு)

இனி, செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தாரின் வீட்டுக்குள் வெறுங்காலோடு நடந்து பாருங்கள். முகப்பு, வளவு எனும் நடுமுற்றப் பகுதி, இரண்டாம் கட்டு, அடுப்படி என நீளும் வீடு, ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. வாசலில் நின்றாலே கொல்லைக் கதவு வரை ஒரே நேர்கோட்டில் தெரியும். சுண்ணாம்போடு கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து அரைத்துப் பூசிய சுவரில் கை வைத்தால், சித்திரை வெயிலிலும் சில்லென்றிருக்கும். தூண்களோ கப்பலேறி வந்த பர்மாத் தேக்கு.

அந்தப் பர்மாவை 1942இல் ஜப்பானியப் படை கைப்பற்றியபோது, அங்கே கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார் பலரின் முதலும் போயிற்று. பங்காளிகள் பலருக்கும் பொதுவான வீடுகளைப் பராமரிக்க ஆளில்லாமல், சில பூட்டியே கிடந்தன, சில பிரித்து விற்கப்பட்டன. செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. பட்டியல் வீட்டைக் காக்காது, குடியிருப்பவரே காக்க வேண்டும்.

திரும்பும் வழியில், 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலையைக் காரைக்குடியில் வாங்கலாம். அப்படியே முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளையும் எட்டிப் பாருங்கள். பிரித்த வீடுகளின் தேக்கு வாசல் நிலைகள் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும்; சிலவற்றில் செதுக்கிய கஜலட்சுமியின் நெற்றியில் பழைய குங்குமம் இன்னும் ஒட்டியிருக்கிறது.