அட்மிஷன் கடிதம் வந்த பிறகு

அனைவருக்கும் வணக்கம்.

விடுமுறை நாளில் நேரம் ஒதுக்கி இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள், ரொம்ப மகிழ்ச்சி. அமெரிக்காவில் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளைக் கல்லூரிக்குக் கொண்டுசேர்க்கும் தொண்டு அமைப்புகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நம் தமிழ்க் குடும்பங்களில் பலருக்கு இந்த வேலையில் இறங்க ஆசை இருக்கிறது. நன்கொடை தரவும் தயாராக இருக்கிறீர்கள். நல்ல விஷயம். பணம் வேண்டும், தகவலும் வேண்டும். ஆனால் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார ஓர் ஆள் இல்லையென்றால் இரண்டும் பாதி வழியிலேயே நின்றுவிடும். இன்று நான் சொல்ல வந்தது இதைத்தான்.

1981-ஆம் ஆண்டு நடந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெமில் ஒரு தொடக்கப் பள்ளி. ஆறாம் வகுப்பு முடிக்கும் 61 பிள்ளைகளை வாழ்த்திப் பேச யூஜீன் லாங் என்ற தொழிலதிபரை அழைத்திருந்தார்கள். அவரும் சிறுவயதில் அதே பள்ளியில் படித்தவர். கஷ்டப்பட்டுப் படித்தால் முன்னுக்கு வரலாம் என்று பேசுவதாகத்தான் இருந்தார். இந்தப் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் உயர்நிலைப் பள்ளியைக்கூட முடிக்க மாட்டார்கள் என்று அங்கே கேள்விப்பட்டதும், எழுதி வைத்திருந்த பேச்சை விட்டுவிட்டார். பள்ளிப் படிப்பை முடியுங்கள், கல்லூரிக் கட்டணத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மேடையிலேயே வாக்குக் கொடுத்தார்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கேயே கைதட்டல் வாங்கிக்கொண்டு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதற்கு அப்புறம் நடந்ததுதான் முக்கியம். ஆறாம் வகுப்புக்கும் கல்லூரிக்கும் நடுவில் ஆறு வருடம் இருக்கிறது. அந்த ஆறு வருடத்தில் வீடு மாறும், அப்பாவுக்கு வேலை போகும், பிள்ளை பள்ளிக்கு வராமல் போகும். வாக்குறுதி மட்டும் இதையெல்லாம் தாங்காது என்று லாங்குக்குச் சீக்கிரமே புரிந்தது. அந்தப் பிள்ளைகளைக் கவனிப்பதற்கென்றே ஒருவரைச் சம்பளம் கொடுத்து வைத்தார். தானும் அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். பெரும்பாலானோர் பள்ளிப் படிப்பை முடித்தார்கள், பாதிக்கு மேல் கல்லூரிக்கும் போனார்கள். 1986-இல் இதே முறையை மற்ற ஊர்களுக்கும் கொண்டுபோக 'ஐ ஹாவ் எ ட்ரீம்' அறக்கட்டளையைத் தொடங்கினார். அதிலும் பணத்தோடு ஒரு முழுநேர ஆளும் இருக்க வேண்டும் என்பது அடிப்படை விதி.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. லிண்டன் ஜான்சன் அதிபராக இருந்தபோது வறுமை ஒழிப்புத் திட்டங்களில் ஒன்றாக 1965-இல் 'அப்வர்டு பவுண்டு' தொடங்கியது. இன்றும் நடக்கிறது. கோடை விடுமுறையில் பிள்ளைகளைக் கல்லூரி வளாகத்திலேயே தங்கவைத்துப் பாடம் நடத்துவது அதன் சிறப்பு. ஆனால் தகுதியுள்ள பிள்ளைகளில் மிகச் சிலருக்குத்தான் அதில் இடம். பள்ளியிலேயே மாணவர்களுக்கு வழிகாட்டும் கவுன்சிலர்கள் இருக்கிறார்களே என்று கேட்கலாம். ஒரு கவுன்சிலருக்கு 250 மாணவர்களுக்கு மேல் இருக்கக் கூடாது என்று அவர்களுடைய சங்கமே சொல்கிறது. நாடு முழுவதும் சராசரி எடுத்தால் ஒருவருக்கு 350-க்கும் மேல்தான். அவர்களிலும் பலர் அட்டவணை போடுவதிலும் தேர்வு நடத்துவதிலும் நாளைக் கழிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

சரி, தகவல்தானே இல்லை, அதைக் கொடுத்துவிட்டால் போயிற்று என்று நினைக்கத் தோன்றும். நம்மைப் போல் படித்துவிட்டு வந்தவர்களுக்கு முதலில் அப்படித்தான் தோன்றும். இணையதளம் போடலாம், காணொளி எடுக்கலாம், கையேடு அடிக்கலாம். இதைப் பலரும் செய்து பார்த்துவிட்டார்கள். என்ன ஆனது என்று சொல்கிறேன்.

கல்லூரிக்கு அரசு உதவி வேண்டுமென்றால் ஃபாஃப்சா என்ற படிவத்தை நிரப்ப வேண்டும், உங்களுக்குத் தெரியும். ரொம்ப காலம் அதில் நூற்றுக்கும் மேற்பட்ட கேள்விகள் இருந்தன. ஒஹாயோவிலும் வட கரோலைனாவின் சார்லட் நகரிலும் எரிக் பெட்டிஞ்சர் உள்ளிட்ட பொருளாதார ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். வருமான வரி தாக்கல் செய்ய ஹெச் அண்ட் ஆர் பிளாக் அலுவலகங்களுக்கு வந்த குறைந்த வருமானக் குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு, வரி போட்டுக்கொடுத்தவரே அந்த மேசையிலேயே உட்கார்ந்து ஃபாஃப்சாவையும் நிரப்பிக் கொடுத்தார். வரி விவரமெல்லாம் ஏற்கெனவே கணினியில் இருந்ததால் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இன்னொரு பிரிவுக்கு, உங்களுக்கு எவ்வளவு உதவி கிடைக்கும், எந்தக் கல்லூரியில் எவ்வளவு கட்டணம் என்று கணக்குப் போட்டுத் தாளில் கொடுத்து அனுப்பினார்கள். 2012-இல் வெளியான முடிவு இது: பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்த குடும்பங்களில், பள்ளி முடிக்கும் நிலையில் இருந்த பிள்ளைகளில் இரண்டு வருடம் கல்லூரியில் படித்தவர்கள் 28 சதவீதத்திலிருந்து 36 சதவீதமாக உயர்ந்தார்கள். தாள் மட்டும் வாங்கிப்போன குடும்பங்களில் எந்த மாற்றமும் இல்லை.

அந்தப் பத்து நிமிடத்தை யோசித்துப் பாருங்கள். அந்தக் குடும்பத்துக்கு அறிவு குறைவா, அக்கறை குறைவா? இரண்டும் இல்லை. இரண்டு வேலை பார்த்துவிட்டு இரவு வீடு திரும்பும் அம்மாவுக்கு அந்தப் படிவம் பயத்தைத் தருகிறது. தப்பாக ஏதாவது எழுதிவிட்டால் சிக்கல் வருமோ என்று தள்ளிப்போடுகிறார். கெடு முடிந்துவிடுகிறது.

இதற்கு அடுத்து, கரோலின் ஹாக்ஸ்பி, சாரா டர்னர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நன்றாகப் படிக்கும் ஏழை மாணவர்களுக்குத் தபாலில் தகவல் கட்டு அனுப்பினார்கள். மாணவர் ஒருவருக்கு 6 டாலர்தான் செலவு. முதல் சோதனையில் நல்ல பலன் தெரிந்தது, எல்லோருக்கும் ஒரே உற்சாகம். பிறகு எஸ்ஏடி தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு அதேபோல் நாடு தழுவிய அளவில் அனுப்பிப் பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை. 8 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்குக் ஃபாஃப்சாவை நிரப்பச் சொல்லிக் குறுஞ்செய்தியிலும் தபாலிலும் நினைவூட்டல் அனுப்பிய இன்னொரு பெரிய முயற்சியும் இப்படியே முடிந்தது. முன்பின் தெரியாத இடத்திலிருந்து வரும் செய்தியை யார் படிக்கிறார்கள்? நாமே படிப்பதில்லை.

ஃபாஃப்சா படிவத்தை இப்போது சுருக்கிவிட்டார்கள். ஆனால் புதிய படிவம் வந்த முதல் பருவத்தில், 2024 தொடக்கத்தில், ஏகப்பட்ட குளறுபடி. அரசு தரும் சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாத பெற்றோரின் பிள்ளைகளால் பல வாரங்கள் படிவத்தை அனுப்பவே முடியவில்லை. இப்படியான நேரத்தில் மறுபடியும் முயற்சி செய், நான் கூட இருக்கிறேன் என்று சொல்ல ஆள் இருந்த பிள்ளைகள்தான் தாக்குப்பிடித்திருப்பார்கள்.

இப்போது ஒரு தாளைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். மார்ச், ஏப்ரலில் கல்லூரியிலிருந்து நிதி உதவிக் கடிதம் வரும். இப்படி ஒன்று வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். அரசு தரும் உதவித்தொகையான பெல் கிராண்ட் 7,395 டாலர். கல்லூரியின் உதவித்தொகை 12,000. அதற்குக் கீழே அரசுக் கடன் இரண்டு வரி, ஒன்று 3,500, இன்னொன்று 2,000. ஒர்க் ஸ்டடி 2,500. பேரண்ட் பிளஸ் 14,000. கூட்டிப்போட்டு, மொத்த உதவி 41,395 டாலர், வாழ்த்துகள் என்று கடிதம் முடியும். வீட்டில் அன்றைக்குக் கொண்டாட்டம்தான்.

இதில் திருப்பித் தர வேண்டாத பணம் முதல் இரண்டு வரி மட்டும்தான், 19,395 டாலர். ஒர்க் ஸ்டடி என்பது வளாகத்தில் வேலை தேடிக்கொள்ள ஓர் அனுமதி. வேலை கிடைத்து, செய்து, சம்பளம் வந்தால்தான் காசு. கட்டணத்தில் அது கழியாது. 3,500-க்குப் படிக்கும் காலத்தில் வட்டியை அரசு கட்டும். 2,000-க்கு முதல் நாளிலிருந்தே வட்டி ஏறும். பேரண்ட் பிளஸ் என்பது அப்பா அம்மா பெயரில் வாங்கும் கடன், அதுவும் கிடைக்கும் என்று உறுதியில்லை. இதையெல்லாம் கடிதம் விளக்கிச் சொல்கிறதா என்றால், பல கடிதங்களில் 'கடன்' என்ற வார்த்தையே இருக்காது. பாஸ்டனில் தொடங்கிய யுஆஸ்பயர் என்ற தொண்டு அமைப்பும் நியூ அமெரிக்கா என்ற ஆய்வு நிறுவனமும் சேர்ந்து ஆயிரக்கணக்கான கடிதங்களைப் படித்து 2018-இல் அறிக்கை வெளியிட்டன. முதல் நாளிலிருந்து வட்டி ஏறும் அந்த ஒரே கடனை 455 கல்லூரிகள் 136 விதமான பெயர்களில் எழுதியிருந்தன. அவற்றில் 24 பெயர்களில் கடன் என்பதற்கான சொல்லே இல்லை. பதினேழு வயதுப் பிள்ளை இதை எப்படிப் பிரித்துப் பார்க்கும்? இது தெரியாத குடும்பம், பெயர் பெற்ற கல்லூரி என்று நம்பி, நான்கு வருடக் கடனில் கையெழுத்துப் போட்டுவிடுகிறது. எனக்கு இதில் வருத்தம் மட்டும் இல்லை, கோபமும் உண்டு.

இந்தக் கடிதத்தைப் படிக்க நம்மில் பலருக்குத் தெரியும். நம் பிள்ளைகளுக்காக இரவெல்லாம் எக்ஸெல்லில் கணக்குப் போட்டிருக்கிறோம். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஒரு பிள்ளையோடு வரிவரியாக அதைப் படிக்க நமக்குத் தனிப் பயிற்சிகூட அதிகம் தேவைப்படாது.

சரி, நல்ல கல்லூரி கிடைத்துவிட்டது, மே முதல் தேதிக்குள் முன்பணமும் கட்டியாயிற்று, பள்ளியில் பட்டமளிப்பு விழாவும் முடிந்தது. இனி என்ன? பெரும்பாலான அமைப்புகள் இங்கே படம் எடுத்துக்கொண்டு அடுத்த வருடப் பிள்ளைகளிடம் போய்விடுகின்றன. ஆனால் கல்லூரிக்குப் போகிறேன் என்று முடிவு செய்து, இடமும் பிடித்த பிள்ளைகளில் பத்தில் ஒருவர், வசதி குறைந்த சில பகுதிகளில் பத்தில் நால்வர் வரைகூட, செப்டம்பரில் வகுப்புக்குப் போய்ச் சேருவதில்லை. பென் காசில்மன், லிண்ட்சே பேஜ் என்ற ஆய்வாளர்கள் இதைப் பல வருடம் பின்தொடர்ந்தார்கள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போவது இந்த ஜூன், ஜூலை, ஆகஸ்டில்தான்.

காரணங்கள் எல்லாம் சின்னச் சின்னவை. தடுப்பூசிச் சான்று அனுப்பவில்லை. விடுதிக்கு முன்பணம் கட்டவில்லை. உதவித் தொகைக்கு வருமானச் சான்று கேட்டு வந்த மின்னஞ்சல் கல்லூரி கொடுத்த புது முகவரிக்குப் போயிருக்கிறது, பிள்ளை அதைத் திறந்தே பார்க்கவில்லை. பல கல்லூரிகள் மருத்துவக் காப்பீட்டைத் தாமாகவே பில்லில் சேர்த்துவிடும், அது ஆயிரக்கணக்கில் வரும். வீட்டில் ஏற்கெனவே மெடிக்கெய்டு என்ற, குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான அரசுக் காப்பீடு இருந்தால் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துப் பல இடங்களில் நீக்கிக்கொள்ளலாம். அது தெரியாமல், பில்லைப் பார்த்துவிட்டு, நமக்கு இது ஆகாது என்று விட்டுவிடும் குடும்பங்கள் இருக்கின்றன. பள்ளிக் கவுன்சிலர் விடுமுறையில் இருப்பார். கல்லூரியில் இன்னும் யாரையும் தெரியாது. கேட்க ஆளே இல்லாத மூன்று மாதம்.

கல்லூரிக்குள் போன பிறகும் இது தொடர்கிறது. ஹூஸ்டனில் 1994-இல் தொடங்கிய கிப் பள்ளிகள் ஏழைப் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்புவதில் பெயர் பெற்றவை. 2011-இல் தங்கள் முதல் தொகுதி மாணவர்களின் கணக்கை அவர்களே வெளியிட்டார்கள். நான்கு வருடப் பட்டம் முடித்தவர்கள் 33 சதவீதம்தான். அந்த வருமானப் பிரிவில் இது பல மடங்கு அதிகம், ஆனாலும் அவர்கள் 75 சதவீதத்தை இலக்காக வைத்திருந்தவர்கள். அதை மறைக்காமல் சொன்னார்கள் பாருங்கள், அதற்காகவே அவர்கள் மேல் எனக்கு மரியாதை. கல்லூரி வரை என்றிருந்த திட்டத்தைக் கல்லூரி முடியும் வரை என்று மாற்றிக்கொண்டார்கள்.

டெபோரா பியல் 1989-இல் பாஸி அறக்கட்டளையைத் தொடங்கியதும் இப்படி ஒரு காரணத்தால்தான். என் கூட்டாளிகள் கூட இருந்திருந்தால் நான் படிப்பை நிறுத்தியிருக்க மாட்டேன் என்று ஒரு மாணவர் சொன்னதை அவர் அப்படியே பிடித்துக்கொண்டார். ஒரே நகரத்திலிருந்து ஒரு குழுவாகப் பிள்ளைகளைச் சேர்த்து, பல மாதம் பழகவைத்து, ஒரே கல்லூரிக்கு அனுப்புகிறார்கள். முதல் குழுவில் ஐந்து பேர், வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்குப் போனார்கள். இப்போது வழக்கமாக ஒரு குழுவுக்குப் பத்துப் பேர். பாஸ்டனில் தொடங்கிய பாட்டம் லைன் அமைப்பு வேறு மாதிரி: அதன் ஆலோசகர்கள் பன்னிரண்டாம் வகுப்பில் எந்தக் கல்லூரி என்று தேர்ந்தெடுப்பதிலிருந்து கூடவே வருகிறார்கள், கல்லூரிக்குள்ளும் வருடக்கணக்கில் போய்ப் பார்க்கிறார்கள். குலுக்கல் முறையில் சோதித்தபோது, அந்த உதவி கிடைத்தவர்களில் பட்டம் முடித்தவர்கள் கணிசமாக அதிகம். தொடக்கத்திலேயே பிள்ளைக்குப் பொருத்தமான கல்லூரியைத் தேர்ந்தெடுத்ததுதான் இதற்குப் பெரிய காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

எனவே நன்கொடை கேட்டு ஓர் அமைப்பு வந்தால், எங்கள் பிள்ளைகள் நூறு சதவீதம் அட்மிஷன் வாங்கிவிட்டார்கள் என்ற வரியைத் தாண்டிப் போங்கள். ஆறு வருடம் முன்பு அனுப்பிய பிள்ளைகளில் எத்தனை பேர் பட்டம் வாங்கினார்கள் என்று கேளுங்கள். தெரியாது என்று சொன்னால், அவர்கள் பிள்ளைகளோடு கடைசி வரை போகவில்லை என்று அர்த்தம். ஏற்கெனவே முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளைகளை மட்டும் சேர்க்கிறார்களா என்றும் விசாரியுங்கள். அந்தப் பிள்ளைகளுக்கும் உதவி தேவைதான். ஆனால் நடுவில் இருக்கும் பி, சி கிரேடு பிள்ளைகளைத்தான் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மேரி கேத்தரின் ஸ்வான்சன் என்ற ஆங்கில ஆசிரியை 1980-இல் சான் டியாகோவில் அவிட் திட்டத்தை அந்த நடுத்தரப் பிள்ளைகளை வைத்துத்தான் தொடங்கினார்.

இங்கே நாம் தொடங்கப்போவது ரொம்பச் சிறிய அளவில்தான். அக்டோபரில் ஃபாஃப்சா திறக்கும்போது ஆளுக்கு இரண்டு பிள்ளைகள். வாரம் ஒரு மணி நேரம், ஏப்ரலில் கொஞ்சம் கூடுதலாக. அவர்கள் அப்பா அம்மாவையும் முதல் சந்திப்பிலேயே உட்காரவைத்துப் பேச வேண்டும், அவர்களைத் தாண்டி முடிவு எடுக்கக் கூடாது. வரி விவரம், குடியுரிமை நிலை எதையும் வெளியில் பேசக் கூடாது. வாசலில் பெயர் எழுதும் தாள் இருக்கிறது. அதில் ஒரு கட்டம் தனியாகப் போட்டிருக்கிறேன். கோடையில் நம்மில் பாதிப் பேர் இந்தியாவுக்குப் போய்விடுகிறோம், தெரியும். ஜூன், ஜூலை, ஆகஸ்டு மூன்று மாதமும் இங்கேயே இருந்து தொலைபேசியை எடுக்க முடிகிறவர்கள் அந்தக் கட்டத்தில் டிக் போட்டுவிட்டுப் போங்கள். முதலில் உங்களைத்தான் கூப்பிடுவேன்.

நன்றி, வணக்கம்.