வேண்டாம்னு சொன்னாலும் சோறு உண்டா?

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். நான் பாளையங்கோட்டைப் பக்கம், ஸ்கூல்ல வரலாறு வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவன். கிறிஸ்தவங்க காட்டுற அன்பு மேல வெளியில இருக்கவங்களுக்கு ஒரு சந்தேகம் இருக்கே, அதைப் பத்திப் பேசுங்க சார்னு நிலையத்துல கேட்டாங்க. சரின்னுட்டேன். சிஎஸ்ஐ, அதாவது தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பத்துல பொறந்ததால இந்தச் சந்தேகத்தைக் கேட்டே வளந்தவன்தான். பால் பவுடருக்கு மதம் மாறின கூட்டம்னு கூட விளையாடுற பசங்களே சொல்லுவாங்க, அடுத்த நிமிஷம் அதே பசங்க எங்க வீட்ல வந்து கிறிஸ்மஸ் முறுக்கும் தின்பாங்க, அது வேற கதை. ஆஸ்பத்திரி கட்டுனா ஆள் பிடிக்க, பள்ளிக்கூடம் கட்டுனா ஆள் பிடிக்க, ரோட்டுல விழுந்தவனைத் தூக்கிவிட்டாக்கூட "இவன் எதுக்கு வர்றான் தெரியுமா"ம்பாங்க. நம்ம ஆளுங்க இதைக் கேட்டா உடனே மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாங்க. எனக்கு அவ்வளவு கோவம் வர்றதில்ல, ஏன்னா இந்தச் சந்தேகத்துக்கு வயசு ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு மேல.

கி.பி. 361-ல ஜூலியன்னு ஒருத்தர் ரோம சக்கரவர்த்தி ஆனார். கிறிஸ்தவரா வளக்கப்பட்டவர், அப்புறம் அதை உதறிட்டு பழைய தெய்வங்களோட கோயிலை எல்லாம் மறுபடி எழுப்பணும்னு கிளம்பினவர். அவர் ஒரு பூசாரிக்கு எழுதின கடிதத்துல என்ன சொல்றாருன்னா, பிள்ளை பிடிக்கிறவன் சின்னப் பசங்களுக்கு ரெண்டு மூணு தடவ கேக்கைத் தூக்கிப் போட்டு பின்னாலேயே வரவச்சு, வீட்டாளுங்க கண்ணுக்கு மறைஞ்சதும் கப்பல்ல ஏத்திக் கொண்டுபோய் வித்துடுவான்ல, அப்படித்தான் இந்தக் கலிலேயர்களும் விருந்து, உபசரிப்புன்னு ஆரம்பிக்கிறாங்கன்னு. கலிலேயர்னா நம்மளைத்தான், கிறிஸ்தவன்னு சொல்ல அவருக்கு வாய் வராது. பால் பவுடருக்குப் பதிலா கேக், அவ்வளவுதான் வித்தியாசம்!

அதே ஜூலியன் 362 வாக்குல கலாத்தியா (இப்ப துருக்கியில இருக்கு) நாட்டுத் தலைமைப் பூசாரி அர்சாக்கியஸுக்கு இன்னொரு கடிதம் எழுதுறார். ஊருக்கு ஊர் சத்திரம் கட்டு, கோதுமையும் திராட்சரசமும் நான் ஒதுக்கித் தர்றேன், அதுல அஞ்சுல ஒரு பங்கு பூசாரிகளுக்கு ஊழியம் பண்ற ஏழைகளுக்கு, மீதி எல்லாம் வழிப்போக்கனுக்கும் பிச்சைக்காரனுக்கும்னு உத்தரவு. காரணத்தையும் அவரே சொல்றார். கலிலேயர்கள் அவங்க ஏழைகளை மட்டும் இல்லாம நம்ம ஏழைகளையும் சேத்துப் பாத்துக்கிறாங்க, நம்ம ஆளுங்களுக்கு நாம ஒண்ணும் செய்யலைன்னு ஊரே பாக்குது, வெக்கக்கேடுங்கிறார்.

இந்த "நம்ம ஏழைகளையும்"ங்கிற இடத்துலதான் நான் எப்பவும் நிப்பேன். அந்த ஏழைங்க மதம் மாறியிருந்தா ஜூலியன் அவங்களை நம்ம ஏழைன்னு சொல்லியிருக்க மாட்டாருல்ல. அப்ப கோயிலுக்குப் போய்ட்டு வந்தவனுக்கும் சபையில சோறு கிடைச்சிருக்கு. ஒரு பிஷப் இதை எழுதியிருந்தா தன் ஆளைப் புகழ்றார்னு பாதி கழிச்சுக்கலாம், எழுதினவர் எதிரி, அதனால கழிக்க ஒண்ணுமில்ல.

ஆரம்பத்துல நிலைமை இதைவிட மோசம். கிறிஸ்தவங்க குழந்தையைத் தின்றாங்கன்னே ரோமாபுரியில பேச்சு இருந்துச்சு, குழந்தையை மாவுல மறைச்சு வச்சு, புதுசா சேர்றவன் கையில கத்தியக் குடுத்துக் குத்தச் சொல்லுவாங்களாம். சிரிக்காதீங்க, அவங்க பக்கம் நின்னு யோசிச்சுப் பாருங்க. விடியறதுக்கு முன்னாலயே கூடுறாங்க, கதவைச் சாத்திக்கிறாங்க, உள்ள இருந்து, அப்பமும் திராட்சரசமும் இயேசுவோட சரீரமும் ரத்தமுமா எடுக்கிற சடங்குல, சரீரம் புசியுங்க, ரத்தம் பானம் பண்ணுங்கன்னு காதுல விழுது, கட்டுன பெண்டாட்டியக் கூட சகோதரின்னு கூப்பிடுறாங்க, வெளியில நிக்கிறவன் வேற என்னதான் நினைப்பான்? கி.பி. 112 வாக்குல பித்தினியாவை, இப்ப துருக்கியில இருக்கு, ஆண்ட கவர்னர் ப்ளினி இதை விசாரிச்சு சக்கரவர்த்தி ட்ராஜனுக்கு ரிப்போர்ட் அனுப்புறார். சபையில ஊழியம் பண்ணின ரெண்டு அடிமைப் பொம்பளைங்களைச் சித்திரவதை பண்ணிக் கேட்டும் ஒண்ணும் சிக்கலையாம், சாப்பிடுறது சாதாரண சாப்பாடுதான், திருட மாட்டோம், விபசாரம் பண்ண மாட்டோம், நம்பிக் குடுத்து வச்ச பொருளைத் திருப்பிக் கேட்டா இல்லைங்க மாட்டோம்னு சத்தியம் பண்ணிக்கிறாங்க, அவ்வளவுதான்னு எழுதுறார். எழுதிட்டு, இது மோசமான மூடநம்பிக்கைன்னும் அதே கடிதத்துல சொல்லிட்டார். ஒண்ணும் கிடைக்கலைன்னாலும் சந்தேகம் போயிடாது போல.

கி.பி. 197 வாக்குல கார்த்தேஜ்ல, அதாவது இன்னைக்கு துனிசியா இருக்கிற இடத்துல, தெர்த்துல்லியன்னு ஒரு வாய் ஜாஸ்தியான ஆளு. ஆத்துல வெள்ளம் வந்தாலும் மழை பொய்ச்சாலும் கிறிஸ்தவனை சிங்கத்துக்குப் போடுங்கிறீங்களே, ஒரு சிங்கத்துக்கு அத்தனை பேருமானு நக்கலா கேட்டவர். அவர் செஞ்ச நல்ல காரியம் என்னன்னா சபைக் கணக்கைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. மாசம் ஒரு தடவ, இஷ்டம் இருந்தா, முடிஞ்சா போடுற காசு இது, குடிக்கும் கூத்துக்கும் போறதில்ல, ஏழைக்குச் சோறு, ஏழை செத்தா அடக்கம், அப்பா அம்மா இல்லாத பிள்ளைங்க, வயசாகி முடங்கின அடிமைங்க, கப்பல் உடைஞ்சு கரை ஒதுங்கினவங்க, சுரங்கத்துலயும் ஜெயில்லயும் கிடக்கிற விசுவாசிங்கன்னு இனம் பிரிச்சுச் சொல்லிட்டார். வலது கை செய்றது இடது கைக்குத் தெரியக்கூடாதுன்னு வசனம் இருக்கேம்பாங்க நம்ம பொருளாளர்கள். அது கொடுக்கிறவன் பெருமைக்குப் போட்ட பூட்டு ஐயா, கணக்கு நோட்டுக்கு இல்ல.

ஆனா கணக்கு காட்டினதால மட்டும் ஊர் நம்பிடல. 250-ல டேசியஸ் சக்கரவர்த்தி எல்லாரும் தெய்வங்களுக்குப் பலி குடுத்து சர்ட்டிபிகேட் வாங்கணும்னு ஆணை போட்டார், மறுத்தவங்களுக்கு ஜெயில், சாவு. கொஞ்ச நாள்ல கொள்ளைநோய் கார்த்தேஜுக்கு வந்துச்சு, இந்தக் கிறிஸ்தவங்க சாமி கும்பிடாததாலதான் வந்துச்சுன்னு பழியும் வந்துச்சு, சொந்தக்காரங்களே நோயாளியைத் தெருவுல தள்ளிட்டு ஓடுனாங்க. அப்ப அங்க பிஷப் சிப்ரியான், நம்ம ஆளுங்களை மட்டும் பாத்தா வரி வசூலிக்கிறவன்கூட அதைச் செய்வான், துன்பப்படுத்தினவங்களையும் பாருங்கன்னு சபை ஆளுங்களுக்கு வேலையைப் பிரிச்சுக் குடுத்து அனுப்பினார். 258-ல அவர் தலையை வெட்டிட்டாங்க. நல்லது செஞ்சா உடனே சந்தேகம் தீந்துடும்னு மேடையில பேசுறவங்க இந்த வருஷத்தைச் சொல்றதில்ல.

இப்ப நம்மளுக்குக் கசக்குற பகுதி. எகிப்துல அலெக்சாந்திரியா, அங்கேயும் அந்தக் கொள்ளைநோய்ல விசுவாசிங்க நோயாளிகளைத் தொட்டுத் துடைச்சுப் பாத்து, தாங்களும் செத்தாங்கன்னு பிஷப் டயோனிசியஸ் எழுதியிருக்கார். நூத்தம்பது வருஷம் கழிச்சு அதே ஊர்ல அதிகாரம் கிறிஸ்தவங்க கையில. நோயாளிகளைக் கவனிக்கன்னே பரபலானின்னு ஒரு கூட்டம் பிஷப் கீழ இருந்துச்சு. 415-ல ஹைப்பேஷியாங்கிற கணித மேதை, கிறிஸ்தவர் இல்லாத அம்மா, அவங்களை ஒரு கிறிஸ்தவக் கும்பல் தெருவுல இழுத்துட்டுப் போய்க் கொன்னுச்சு. அடுத்த வருஷமே சக்கரவர்த்தி சட்டம் போட்டார், பரபலானிங்க ஐநூறு பேருக்கு மேல இருக்கக்கூடாது, கோர்ட்டு, நகர மன்றம், கேளிக்கை இடம் எதுக்கும் கும்பலா போகக்கூடாதுன்னு. நோயாளிக்குக் கஞ்சி குடுக்க வந்த ஆளுங்களைப் பாத்து அரசாங்கம் பயந்திருக்கு. அதனால சந்தேகப்படுறவன் எல்லாம் கெட்டவன்னு மட்டும் சொல்லாதீங்க. அவன் கேக்குறது ஒரே கேள்விதான், நான் வேண்டாம்னு சொன்னா என்ன ஆகும்?

எங்க திருநெல்வேலியில 1876-லேர்ந்து 78 வரைக்கும் தாது வருஷப் பஞ்சம் வந்தப்ப மிஷன் சபைகள்ல ஆயிரக்கணக்குல சேந்தாங்க, சோத்துக்குச் சேந்தவங்கன்னு பேரும் வந்துச்சு. பசிச்சவனைப் போய் உன் நோக்கம் என்னன்னு கேக்க எனக்கு மனசு வராது. கேள்வி சோறு போட்டவங்களுக்குத்தான்.

போன வருஷம் ஒரு சபை நடத்தின மெடிக்கல் கேம்ப்ல டோக்கன் எழுதிக் குடுக்க உக்காந்திருந்தேன். முதல்ல டோக்கன், அப்புறம் பந்தல்ல அரைமணி நேரம் தேவசெய்தி, அதுக்கப்புறம்தான் பிபி, சுகர், மாத்திரை. ஒரு பாட்டி வந்தாங்க, நெத்தி நிறைய திருநீறு. என் மேஜைக்கு ரெண்டு ஆள் முன்னால வரும்போதே முந்தானையால அதை அழுத்தித் துடைச்சுட்டாங்க. யாரும் துடைக்கச் சொல்லல. "ஏம் பாட்டி துடைச்சீங்க"ன்னேன். "நல்ல மாத்திரையா தரணும்லய்யா"ன்னாங்க.

அன்னைக்கு சாயங்காலமே கமிட்டியில சொன்னேன், டாக்டர் முதல்ல, மாத்திரை கையில குடுத்து அனுப்பிடுங்க, ஜெபம் வேணும்கிறவங்களுக்குப் பக்கத்து அறையில ஐயர், அதாவது எங்க சபைப் போதகர், உக்காரட்டும்னு. பெரிய சத்தம், சுவிசேஷம் சொல்லாம கேம்ப் எதுக்குன்னு செக்ரட்டரி கேட்டார். ஐயர் என் பக்கம் பேசினதால மாத்தினாங்க. அதுக்கப்புறம் நடந்த கேம்ப்ல ஜெபத்துக்கு இருந்தவங்க கொஞ்சம் பேருதான், மறைக்க ஒண்ணுமில்ல, ஒரு அம்மா மாத்திரையப் பையில போட்டுக்கிட்டு "நாங்க மாரியம்மன் கும்பிடுறவங்க, பரவால்லையா"ன்னு கேட்டுட்டு உள்ள வந்தாங்க. செக்ரட்டரிக்கு இன்னும் கோவம் தீரல, ஆள் குறைஞ்சுபோச்சுன்னு நோட்டு வச்சுக் காட்டுறார், வர்ற ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு கமிட்டி கூடுது, வரிசையைப் பழையபடி மாத்தணும்னு தீர்மானம் கொண்டு வர்றாராம். நானும் போறேன், ஜூலியன் கடிதத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டு. வணக்கம்.