அமெரிக்க காலேஜ் லிஸ்ட்ல ‘பார்ட்டி ஸ்கூல்’ இருந்தா அடிச்சிடலாமா?

[திரையில்: எக்ஸெல் ஷீட். வரிசையாகப் பல்கலைக்கழகப் பெயர்கள். ஒன்றின் மேல் மட்டும் சிவப்புக் கோடு.]

ப்ளஸ் டூ முடிச்சு அமெரிக்காவுல இளங்கலை படிக்க அப்ளை பண்ற பிள்ளைங்க வீட்ல, ஆகஸ்ட் செப்டம்பர் வந்தா இப்படி ஒரு ஷீட் ஓடிக்கிட்டிருக்கும். ரேங்க், ஃபீஸ், ஸ்காலர்ஷிப், குளிர் எவ்வளவு, சொந்தக்காரங்க பக்கத்துல இருக்காங்களா, எல்லாம் எழுதி வெச்சிருப்பாங்க. திடீர்னு ஒரு பேர் மேல கோடு விழுந்திருக்கும். ஏம்ப்பான்னு கேட்டா, “நெட்ல பார்த்தேன்மா, அது பார்ட்டி ஸ்கூலாம். வேண்டாம்.” அதாவது, படிப்பை விடக் குடியும் கொண்டாட்டமும்தான் அதிகம்னு பேர் வாங்கின காலேஜ்.

இங்க கோடு விழுந்திருக்கிறது இல்லினாய் பல்கலைக்கழகம், அர்பானா-ஷாம்பெயின். 1993ல மொசைக்ங்கிற ஆரம்பகால இன்டர்நெட் பிரவுசர் வெளிவந்தது இங்கிருந்துதான். ஃபிசிக்ஸ்ல ரெண்டு தடவை நோபல் வாங்கின ஒரே ஆள் ஜான் பார்டீன், அவர் பாடம் எடுத்ததும் இங்கேதான். 2015ல அமெரிக்காவோட நம்பர் ஒன் பார்ட்டி ஸ்கூல்னு பேர் வாங்கினதும் இதே இடம்தான். அப்பா போட்ட கோடு சரியா?

[திரையில்: பழைய பத்திரிகைக் கட்டு, பிறகு தடிமனான காலேஜ் கைடு ஒன்று.]

இந்தப் பட்டத்தை யார் கொடுக்கிறாங்கன்னு முதல்ல பார்ப்போம். 1987ல பிளேபாய் பத்திரிகை ஒரு பட்டியல் போட்டுச்சு. முதலிடம் கலிஃபோர்னியாவுல இருக்கிற சிக்கோ ஸ்டேட்டுக்கு. அதே வருஷம் அங்க நடந்த பயனியர் டேஸ் கொண்டாட்டம் கலவரமா முடிஞ்சு, காலேஜ் அந்தக் கொண்டாட்டத்தையே நிறுத்திடுச்சு. பேர் மட்டும் போகல.

அதுக்கப்புறம் இந்த வேலையைப் பிரபலமா செஞ்சது பிரின்ஸ்டன் ரிவ்யூ. பேரைப் பார்த்து ஏமாந்துடாதீங்க. பிரின்ஸ்டன் யுனிவர்சிட்டிக்கும் இவங்களுக்கும் சம்பந்தமே கிடையாது, இது எஸ்.ஏ.டி.ங்கிற காலேஜ் நுழைவுத் தேர்வுக்குக் கோச்சிங் நடத்துற தனியார் கம்பெனி. மாணவர்கள்கிட்ட சர்வே எடுத்து, மூணு விஷயத்தைச் சேர்த்துக் கணக்கு போட்டாங்க: குடியும் போதைப்பொருளும் எவ்வளவு புழங்குது, கிளாஸுக்கு வெளிய தினமும் எவ்வளவு நேரம் படிக்கிறீங்க, ஃப்ரட்டர்னிட்டி சொராரிட்டிங்கிற மாணவர் சங்கங்களுக்கு எவ்வளவு மவுசு. எத்தனை பேர் மேல கேஸ் விழுந்துச்சு, எத்தனை பேரை ஆம்புலன்ஸ்ல தூக்கிட்டுப் போனாங்கங்கிறது இதுல வராது. மாணவர்கள் தங்களைப் பத்தியும் சுத்தி இருக்கிறவங்களைப் பத்தியும் சொன்னதுதான் மொத்த டேட்டாவும். 2002ல அமெரிக்கன் மெடிக்கல் அசோசியேஷனே இந்தப் பட்டியலை நிறுத்துங்கன்னு கேட்டுச்சு. அப்ப அவங்க நிறுத்தல.

2013ல முதலிடம் அயோவா. 2015 இல்லினாய். 2016 விஸ்கான்சின்-மேடிசன். மூணுமே பெரிய அரசுப் பல்கலைக்கழகம். பல்லாயிரம் மாணவர்கள், சனிக்கிழமை ஃபுட்பால், காலேஜை எடுத்துட்டா ஊர்ல பாதி காணாமப் போயிடும்ங்கிற மாதிரி ஒரு ஊர். அவ்வளவு பெரிய கூட்டத்துல ராத்திரி ரெண்டு மணிக்கு ரோட்ல கத்துற பத்தாயிரம் பேரும் இருப்பாங்க, அதே நேரத்துல லேப்ல உட்கார்ந்திருக்கிற பத்தாயிரம் பேரும் இருப்பாங்க. சர்வே கண்ணுக்கு முதல்ல படுறது ரோட்ல இருக்கிறவங்கதான்.

இதை ஆராய்ச்சியாவே பண்ணியிருக்காங்க. 1986ல பெர்கின்ஸ், பெர்கோவிட்ஸ்னு ரெண்டு ஆய்வாளர்கள் கண்டுபிடிச்சது: மத்த மாணவர்கள் எவ்வளவு குடிக்கிறாங்கன்னு கேட்டா, உண்மையில இருக்கிறதை விட ரொம்ப அதிகமாத்தான் பசங்க சொல்றாங்க.

ஆனா, “அப்ப எல்லாம் வெறும் புரளி”ன்னு முடிவு பண்ணிடாதீங்க. ஹார்வர்டு பொது சுகாதாரக் கல்லூரி 1993ல 140 காலேஜ்கள்ல எடுத்த ஆய்வுல, 44 சதவீத மாணவர்கள் ஒரே உட்காரல்ல அளவுக்கு மீறி குடிக்கிறவங்க. 2001ல திரும்ப எடுத்தப்பவும் அதே 44. அதே 2001 ஆய்வுல, ஒரு வருஷமா ஒரு சொட்டு கூடத் தொடாதவங்க ஏறக்குறைய அஞ்சுல ஒருத்தர். ரெண்டு எண்ணையும் சேர்த்துப் பாருங்க. குடி கிட்டத்தட்ட எல்லா காலேஜ்லயும் இருக்கு, குடிக்காதவங்களும் கிட்டத்தட்ட எல்லா காலேஜ்லயும் இருக்காங்க. லிஸ்ட்ல பேர் இல்லாத காலேஜ்ல சேர்த்துட்டா பிள்ளை தப்பிச்சிடும்ங்கிறது நம்ம ஆசை, அவ்வளவுதான்.

[திரையில்: கிரேக்க எழுத்துகள் பொறித்த வெள்ளைத் தூண் வீடு.]

என்னைக் கேட்டா, அந்த ரேங்க்கை விட முக்கியமா பார்க்க வேண்டியது ஃப்ரட்டர்னிட்டி, சொராரிட்டி சங்கங்களோட இந்த வீடுதான். ஃப்ரட்டர்னிட்டிங்கிறது ஆண்கள் சங்கம், சொராரிட்டிங்கிறது பெண்கள் சங்கம். உள்ள வர்றவங்களை முதல்ல “பிளெட்ஜ்”னு சேர்ப்பாங்க. சில இடங்கள்ல அந்தச் சோதனைக் காலத்துல நடக்கிறது நம்ம ஊர் ராகிங்கை விட மோசம், அதோட மையம் பெரும்பாலும் பாட்டில்தான். 2017 பிப்ரவரியில பென் ஸ்டேட் யுனிவர்சிட்டியில 19 வயசு மாணவர் ஒருத்தர் இப்படி ஒரு ராத்திரி குடிக்க வைக்கப்பட்டு, மாடிப்படியில விழுந்தார். மறுநாள் காலையிலதான் ஆம்புலன்ஸுக்கே போன் போச்சு. அவர் பிழைக்கல.

2024 டிசம்பர்ல வந்த சட்டம், இந்த மாதிரி விஷயத்துல சிக்கின சங்கங்களோட பேரை காலேஜ்களே வெளியிடணும்னு சொல்லுது. அங்க ராகிங்குக்கு ‘ஹேஸிங்’னு பேர், அதனால காலேஜ் பேரோட ‘ஹேஸிங் டிரான்ஸ்பரன்சி ரிப்போர்ட்’னு தேடிப் பாருங்க.

இன்னொரு கணக்கு ‘காமன் டேட்டா செட்’. பல காலேஜ்கள் வருஷா வருஷம் போடுற ஆவணம், அதுல எஃப்1ங்கிற பகுதியில எத்தனை சதவீதம் பேர் ஃப்ரட்டர்னிட்டியில, சொராரிட்டியில சேர்றாங்கன்னு இருக்கும். நாற்பதாயிரம் பேர்ல இருபது சதவீதம்னா உங்க பிள்ளை கண்டுக்காம நடந்து போயிடலாம். ரெண்டாயிரம் பேர் படிக்கிற குட்டி காலேஜ், பக்கத்துல நகரம் கிடையாது, பாதிப் பேர் இதுல உறுப்பினர்னா, சனிக்கிழமை ராத்திரி போறதுக்கு வேற இடமே இருக்காது. அந்தக் குட்டி காலேஜ் பார்ட்டி லிஸ்ட் பக்கமே வந்திருக்காது. அப்பாவோட ஷீட்ல அது பச்சைக் கலர்ல ஜம்முனு உட்கார்ந்திருக்கும்.

அப்புறம் கிளெரி ஆக்ட், 1990 சட்டம். இதுப்படி காலேஜ்கள் வருஷா வருஷம் அக்டோபர் 1க்குள்ள பாதுகாப்பு அறிக்கை போட்டாகணும், மூணு வருஷக் கணக்கோட. மதுச் சட்டத்தை மீறினதுக்கு எத்தனை கைது, எத்தனை பேர் மேல காலேஜ் ஒழுங்கு நடவடிக்கைன்னு தனித்தனியா இருக்கும். ஒழுங்கு நடவடிக்கை எண் பெருசா இருந்தா பயந்துடாதீங்க. ஹாஸ்டல்ல கண்டிப்பா பார்க்கிறாங்கன்னும் அதுக்கு அர்த்தம் இருக்கலாம். என்னைக் கேட்டா, பெரிய காலேஜ்ல அந்த எண் ரொம்பச் சின்னதா இருந்தாத்தான் சந்தேகப்படுவேன்.

[திரையில்: யூட்டா மலைகள், சுத்தமான வளாகம்.]

நேர் எதிர்ப் பக்கத்தையும் ஒரு நிமிஷம் பார்த்துடுவோம். அதே பிரின்ஸ்டன் ரிவ்யூ, குடியே இல்லாத காலேஜ்களுக்கும் ஒரு பட்டியல் போட்டுக்கிட்டிருந்துச்சு. அதுல இருபது வருஷத்துக்கு மேல கோலோச்சினது பிரிகாம் யங் யுனிவர்சிட்டி. மார்மன் சர்ச் நடத்துறது. அங்க மது மட்டும் இல்ல, காபி டீயும் ஒழுக்க விதியில தடை. டிகிரி காபி இல்லாம கண்ணு திறக்காத வீட்டுப் பிள்ளையை அங்க அனுப்புறதுக்கு முன்னாடி யோசிச்சுக்கோங்க.

[திரையில்: பாஸ்போர்ட், விசா ஸ்டாம்ப்.]

இனி வரப்போறது நம்ம பிள்ளைகளுக்குன்னே உள்ள விஷயம். 1984 சட்டத்துக்கு அப்புறம் அமெரிக்கா முழுக்கக் குடிக்கிற வயசு 21. ஆனா நம்ம இல்லினாய் பல்கலைக்கழகம் இருக்கிற ஷாம்பெயின் ஊர்ல 19 வயசானாலே பாருக்குள்ள நுழையலாம், குடிக்கத்தான் கூடாது. அந்த ரெண்டு வருஷ இடைவெளியிலதான் போலி ஐ.டி. கார்டு வியாபாரம் நடக்குது. உள்ளூர் பையன் மாட்டினா அபராதத்தோட முடிஞ்சிடலாம். எஃப்-1ங்கிற மாணவர் விசாவுல இருக்கிறவங்களுக்கு அது ரெக்கார்டுல நிக்கலாம், அடுத்த விசா இன்டர்வியூல கேள்வியா வரலாம். குடிச்சிட்டு கார் ஓட்டி கைதானா, கோர்ட்டு தீர்ப்புக்குக் காத்திருக்காம விசாவை ரத்து பண்ணலாம்னு 2015லயே வெளியுறவுத் துறை விதி கொண்டு வந்துடுச்சு. கஞ்சாவும் அப்படித்தான்: மாநிலம் அனுமதிச்சிருந்தாலும் மத்திய அரசு சட்டப்படி குற்றம், குடியேற்றம் மத்திய அரசு கையில.

அதனால லிஸ்ட்ல இருக்கிற ஒவ்வொரு காலேஜுக்கும் ‘மெடிக்கல் ஆம்னஸ்டி’ விதி இருக்கான்னு பாருங்க. கார்னெல் யுனிவர்சிட்டி 2002ல கொண்டு வந்தது, இப்ப பல இடத்துல இருக்கு. மயங்கிக் கிடக்கிற நண்பனுக்காக 911 கூப்பிட்டா, கூப்பிட்டவன் மேலயும் விழுந்தவன் மேலயும் காலேஜ் பொதுவா ஒழுங்கு நடவடிக்கை எடுக்காது. இதை நம்ம வீட்டுப் பிள்ளைகிட்ட விமானம் ஏறுறதுக்கு முன்னாடி சொல்லி வைங்க, குடிக்கிற பிள்ளையோ இல்லையோ. பெத்தவங்களுக்கு ஒண்ணு: 21 வயசுக்குக் கீழ இருந்தா, மது விதியை மீறினதை வீட்டுக்குச் சொல்ல காலேஜுக்கு 1998லருந்து அனுமதி உண்டு. சொல்லியே ஆகணும்னு கட்டாயம் கிடையாது.

எம்.எஸ். படிக்கப் போறவங்க இதுல பெரும்பகுதியை மறந்துடலாம். அவங்க வெளிய அபார்ட்மென்ட்ல நாலு பேரோட சமைச்சுச் சாப்பிட்டு அசைன்மென்ட் பண்ணிக்கிட்டிருப்பாங்க.

இளங்கலைக்குப் போறவங்க, அங்க படிக்கிற ரெண்டாம் வருஷப் பிள்ளைங்க ரெண்டு மூணு பேரைப் பிடிங்க. அட்மிஷன் ஆபீஸ் அனுப்புற ஸ்டூடன்ட் அம்பாசிடர் வேண்டாம், அந்தப் பிள்ளைக்குப் பல இடத்துல சம்பளம் உண்டு. “இங்க பார்ட்டி அதிகமா?”ன்னு கேட்காதீங்க. “போன வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு எங்கப்பா இருந்தே?”ன்னு கேளுங்க. பேட்மிண்டன், போர்டு கேம் கிளப், தமிழ்ப் பசங்க ரூம்ல பிரியாணின்னு உடனே பதில் வந்தா, அது நம்பர் ஒன் பார்ட்டி ஸ்கூலா இருந்தாலும் உங்க பிள்ளைக்கு இடம் இருக்கு. கொஞ்சம் யோசிச்சு, “ரூம்லதான்”னு வந்தா, இன்னும் ரெண்டு பேர்கிட்ட கேளுங்க.

சீட் கிடைச்ச பிறகு ஹவுசிங் ஃபார்ம் வரும். அதுல ‘சப்ஸ்டன்ஸ்-ஃப்ரீ’, அதாவது குடியும் போதைப்பொருளும் இல்லாத ஹாஸ்டல் தளம்னு ஒரு விருப்பம் இருந்தா, முதல் வருஷத்துக்கு டிக் பண்ணிடுங்க. குடிப்பழக்கம் தொத்திக்க அதிக வாய்ப்புள்ள காலம் முதல் ஆறு வாரம்னு அமெரிக்க அரசோட மது ஆய்வு நிறுவனம் சொல்லுது. அந்த ஆறு வாரத்துல பக்கத்து ரூம் யாருதுங்கிறதுதான் பெரிய விஷயம். ஃபார்ம்ல எத்தனை மணிக்குத் தூங்குவீங்கன்னும் கேட்பாங்க. அம்மா பக்கத்துல நிக்கிறாங்கன்னு ஒன்பதரைன்னு போட்டுடாதீங்க, உண்மையான நேரத்தை எழுதுங்க. ரூம்மேட்டை அதை வெச்சுத்தான் தேடுவாங்க.