எச்சரிக்கையோடு ஒரு வழியும் வேண்டும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். வயது வந்தோருக்கான கணினி விளையாட்டுகளில் உள்ளடக்க எச்சரிக்கை எவ்வாறு அமைய வேண்டும், விளையாடுபவரின் விருப்பத்துக்கு அவற்றில் எவ்வளவு இடம் தரலாம் என்பதைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். வயது வந்தோருக்கானது என்றவுடன் பாலுறவுக் காட்சிகளை மட்டுமே நினைக்கும் பழக்கம் நம்மிடையே உண்டு. கொடூரமான வன்முறை, தற்கொலை, மனநோய், ஒருவரை விடாமல் பின்தொடர்ந்து தொல்லை தருதல் ஆகியவற்றைப் பொறுப்போடு கையாளும் படைப்புகளும் இவ்வகையைச் சேர்ந்தவையே. என் பேச்சு பெரும்பாலும் அவற்றைப் பற்றியதாகவே இருக்கும். எச்சரிக்கை தனித்து நின்றால் அதனால் கிடைக்கும் பயன் குறைவு என்பதும், அதைப் படித்தவர் அடுத்து என்ன செய்யலாம் என்பதற்கான வழியையும் அந்த விளையாட்டே திறந்து வைக்க வேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து.

இன்றைய வயதுக் குறியீடுகள் பிறந்த இடம் அமெரிக்க செனட் சபை. மார்ட்டல் காம்பட், நைட் டிராப் ஆகிய விளையாட்டுகளின் வன்முறை குறித்து 1993-இல் அங்கு விசாரணை நடந்தது. அரசே சட்டம் கொண்டுவந்துவிடும் என்று அஞ்சிய நிறுவனங்கள் 1994-இல் தங்களுக்கென இஎஸ்ஆர்பி என்னும் தரக்குறியீட்டு அமைப்பை உருவாக்கின. ஐரோப்பாவில் 2003-இல் பெகி என்னும் வயதுக் குறியீட்டு முறை வந்தது. இவ்விரண்டும் பெற்றோரின் கேள்விக்குப் பதில் சொல்ல ஏற்பட்டவை. அட்டையில் அச்சிட்ட 18 என்ற எண், தன் தம்பியைத் தற்கொலைக்குப் பறிகொடுத்த நாற்பது வயதுக்காரருக்கு எதையும் சொல்வதில்லை. எண்ணோடு வன்முறை, அச்சம், போதைப்பொருள் போன்ற குறிப்புகளும் வருகின்றன என்றாலும், அவை அவருக்குத் தேவையான அளவுக்கு விளக்கமானவை அல்ல. கணினி விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் ஸ்டீம் கடை 2018-இல் தன் விதிகளை மாற்றியபோது, முதிர்ந்த உள்ளடக்கம் உள்ள விளையாட்டை விற்பவர் அதில் என்ன இருக்கிறது என்பதைத் தம் சொந்தச் சொற்களில் விவரிக்க வேண்டும் என்று கேட்டது. வாங்குபவர் தமக்கு வேண்டாதவற்றை வடிகட்டி ஒதுக்கவும் வசதி வந்தது. இதை நான் மனமாரப் பாராட்டுகிறேன், ஏனெனில் காசு கொடுப்பதற்கு முன்பே தகவல் கைக்கு வருகிறது. ஸ்டீமில் பணத்தைத் திரும்பப் பெற, வாங்கிய 14 நாட்களுக்குள் கேட்க வேண்டும், அதுவரை இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருக்கவும் வேண்டும். மெல்ல விரியும் கதையிலோ, உலுக்கும் காட்சி அந்த இரண்டு மணி நேரத்தைத் தாண்டிய பிறகுதான் வரும்.

சொற்களைக் கவனமாகத் தேர்ந்தெடுப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு, கனடாவின் மொன்றியல் நகரில் இயங்கும் கிட்ஃபாக்ஸ் நிறுவனம் ஆகஸ்ட் 2021-இல் வெளியிட்ட பாய்ஃபிரெண்ட் டன்ஜன் சிறந்த சான்று. ஆயுதங்கள் மனிதர்களாக மாறிக் காதலிக்கும், வண்ணமயமான விளையாட்டு அது. தாயிடமிருந்து வரும் குறுஞ்செய்திகள் வேண்டுமா வேண்டாமா என்று தொடக்கத்திலேயே அது கேட்கும். தாயை இழந்தவர்களும் தாயால் காயப்பட்டவர்களும் விளையாடுவார்கள் என்று யாரோ ஒருவர் நினைத்துப் பார்த்திருக்கிறார். அந்தக் கரிசனம் என்னை நெகிழ வைத்தது. ஆனால் அதே விளையாட்டில், கதாநாயகரை விடாமல் பின்தொடரும் ஒருவன் முதன்மைக் கதையோடு பின்னிப் பிணைந்து வருகிறான். அவனைத் தவிர்த்துவிட்டுக் கதையை முடிக்க இயலாது. தொடக்க எச்சரிக்கையோ, இத்தகைய செயல்கள் பற்றிய குறிப்புகள் இடம்பெறக்கூடும் என்ற அளவில் நின்றுவிட்டது. நம்பி உள்ளே வந்தவர்களில், அத்தொல்லையைத் தம் வாழ்வில் பட்டவர்கள் கலங்கிப் போனார்கள். எச்சரிக்கை போதுமானதாக இல்லை என்பதை நிறுவனம் ஒப்புக்கொண்டு அதைத் திருத்தியது. அப்பாத்திரத்தையே நீக்கும் வசதி வேண்டும் என்று சிலர் கேட்டார்கள்; அப்பாத்திரத்துக்குப் பின்னணிக் குரல் கொடுத்த நடிகரைச் சிலர் வசைபாடினார்கள். வசைபாடியது கொடிய அநீதி. பாத்திரத்தை நீக்க மறுத்தது, என் பார்வையில், படைப்பாளியின் உரிமை. கதையின் முதுகெலும்பாக இருப்பதை எடுத்துவிடச் சொல்லும் உரிமை விளையாடுபவருக்கு இல்லை. ஆனால் அது முதுகெலும்பு என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கு முழுமையாக உண்டு.

எச்சரிக்கைகளால் பயன் உண்டா என்று உளவியலாளர்களும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். விக்டோரியா பிரிட்ஜ்லாண்டும் அவருடன் பணியாற்றியவர்களும் அதற்கு முன் நடந்த 12 ஆய்வுகளைத் திரட்டி 2023-இல் வெளியிட்ட கட்டுரையின் முடிவு நமக்கு உவப்பானது அல்ல. எச்சரிக்கை, பின்னர் வரும் மனவேதனையைக் குறைக்கவில்லை. பார்ப்பதற்கு முந்திய பதற்றத்தைக் கூட்டியது. எச்சரிக்கப்பட்டவர்கள் அப்பொருளைத் தவிர்த்ததாகவும் தெரியவில்லை. இதைக் காட்டி, எச்சரிக்கையே வீண் என்று சிலர் வாதிடுகிறார்கள். எனக்கு இது வேறொன்றைச் சொல்கிறது. அச்சுறுத்தும் ஒரு வாக்கியத்தைப் படிக்கச் செய்துவிட்டு, பிறகு எல்லோரையும் ஒரே பாதையில் நடத்திச் சென்றால் பதற்றம் கூடுவது இயல்பு. அச்சேறிய பக்கம் தன்னை மாற்றிக்கொள்ளாது, விளையாட்டு மாற்றிக்கொள்ளும். துப்பாக்கியின் விசையை அழுத்துவது விளையாடுபவரின் சொந்த விரல் என்பதால், அது மாற்றிக்கொள்ள வேண்டிய கடமையும் கூடுகிறது.

2009-இல் வந்த கால் ஆஃப் டூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2 இதற்கு ஒரு முன்மாதிரி. மாஸ்கோ விமான நிலையத்தில் பொதுமக்களைச் சுட்டுக் கொல்லும் கும்பலுக்குள் விளையாடுபவரை வேடமிட்டு நிறுத்தும் காட்சி அதில் உண்டு. மனத்தைப் பாதிக்கும் பகுதியைத் தாண்டிச் செல்ல விரும்புகிறீர்களா என்று முன்னதாகவே கேட்கிறது. இடையில் நிறுத்தியும் தாண்டலாம். தாண்டியவருக்கு இழப்பு எதுவும் கிடையாது. அக்காட்சி தேவையா என்ற சண்டை இன்றும் ஓயவில்லை என்றாலும், தாண்டுபவரைத் தண்டிக்காத அந்த ஏற்பாட்டை நான் மதிக்கிறேன். பால்டர்ஸ் கேட் 3 நிர்வாணத்தை அணைத்து வைக்கத் தனி அமைப்பைத் தந்திருக்கிறது. கூட்டுக் குடும்பத்தில், நடுக்கூடத்துத் திரையில் விளையாடும் ஒருவருக்கு அதன் அருமை புரியும். வயது வந்தோருக்கானது அல்ல என்றாலும் கிரவுண்டட் விளையாட்டையும் சொல்லியாக வேண்டும்: சிலந்தியைக் கண்டு நடுங்குபவர்கள் ஓர் அளவுகோலை நகர்த்தினால், சிலந்தியின் கால்கள் படிப்படியாக மறைந்து, இறுதியில் வெறும் உருண்டையாகிவிடும். ஆபத்து அப்படியே இருக்கிறது, அருவருப்பு மட்டும் அகல்கிறது.

உடலுக்கே தீங்கு நேரும் இடத்தில் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும். டிசம்பர் 2020-இல் சைபர்பங்க் 2077 வெளிவந்த நாட்களில், அதில் விளக்குகள் வேகமாக மின்னும் ஒரு பகுதியால் மதிப்புரையாளர் ஒருவருக்கு வலிப்பு ஏற்பட்டது. நிறுவனம் முதலில் எச்சரிக்கை வாசகத்தைச் சேர்த்தது. பிறகு அந்த மின்னலையே மாற்றியமைத்தது. முதல் நடவடிக்கையோடு நின்றிருந்தால், வலிப்பு நோய் உள்ளவர் தம் பணத்தையும் ஆசையையும் துறப்பதைத் தவிர வேறு வழி இருந்திருக்காது.

எதிர்பாராத அதிர்ச்சியில்தான் தங்கள் கலை இருக்கிறது என்றும், எச்சரித்தால் கதை முன்கூட்டியே உடைந்துவிடும் என்றும் படைப்பாளிகள் சொல்வதை நான் அலட்சியப்படுத்தவில்லை. பள்ளிக் காதல் கதைபோலத் தொடங்கி மனத்தை நொறுக்கும் டோக்கி டோக்கி லிட்டரேச்சர் கிளப், 2017-இல் வந்தபோதே, இது குழந்தைகளுக்கும் எளிதில் மனம் கலங்குவோருக்கும் ஏற்றதல்ல என்று தொடக்கத்திலேயே பொதுவாக அறிவித்தது. 2021-இல் வந்த விரிவான பதிப்பு, வேண்டுவோருக்கு மட்டும் குறிப்பிட்ட காட்சிகளுக்கு முன்பாக எச்சரிக்கை தோன்றும்படி அமைத்துக்கொள்ளும் வசதியைச் சேர்த்தது. அதிர்ச்சியை விரும்புபவருக்கு அதிர்ச்சி குலையவில்லை. தயாராக வேண்டியவருக்கு நேரம் கிடைத்தது.

சிறு குழுக்களாக இருந்து விளையாட்டு உருவாக்கும் இளைஞர்கள் இந்த அவையில் இருந்தால் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். தாண்டிச் செல்லும் வசதியைக் கடைசி மாதத்தில் ஒட்டவைப்பது கடினம். ஏனெனில் தாண்டிய காட்சியில் நடந்ததை அடுத்த காட்சி அறிந்திருக்க வேண்டும், தாண்டியவருக்கு இரண்டு வரியில் அதைச் சொல்லவும் வேண்டும். ஆகவே கதையை எழுதும்போதே, எந்தக் காட்சி இல்லாமல் கதை நிற்கும், எது இல்லாமல் நிற்காது என்று பிரித்துக் குறித்து வையுங்கள். நிற்பவற்றுக்குத் தாண்டும் வழியை அமைத்து, விளையாட்டை இடைநிறுத்தியவுடன் கண்ணில் படும் இடத்தில் அதை வையுங்கள். நிற்காதவற்றை விற்பனைப் பக்கத்திலேயே, மழுப்பாமல், பெயர் சொல்லி எழுதுங்கள்.