டப்பாப் பாலிலிருந்து பசும்பாலுக்கு

வணக்கம் நேயர்களே.

குழந்தைக்கு முதல் பிறந்தநாள் நெருங்கும்போது, ஃபார்முலா, அதாவது தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிற டப்பாப் பால் பவுடர், கொடுக்கும் வீடுகளில் ஒரு கேள்வி எழும். "இனி பசும்பாலுக்கு மாத்திடலாமா? எப்படி மாத்துறது?" மாற்றலாம். ஆனால் இதைப் புட்டிக்குள் இருப்பதைக் கொட்டிவிட்டு வேறொன்றை ஊற்றுகிற வேலையாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பிசகு அங்கேதான் தொடங்குகிறது. ஃபார்முலா இதுவரை செய்துவந்த வேலையைப் பசும்பாலால் முழுதாகச் செய்ய முடியாது. அதை இனிமேல் தட்டில் இருக்கும் சாப்பாடுதான் செய்யவேண்டும். பால் அதற்குத் துணைக்கு வருவது.

காரணம் இரும்புச்சத்து. ஒரு வயதைத் தாண்டிய குழந்தைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 7 மில்லிகிராம் இரும்பு தேவை. அரை லிட்டர் ஃபார்முலாவில், வகையைப் பொறுத்து, 3 முதல் 6 மில்லிகிராம் வரை சேர்த்திருப்பார்கள். அதே அரை லிட்டர் பசும்பாலில் இருப்பது கால் மில்லிகிராம் அளவுதான். அந்தக் கொஞ்சமும் உடலில் சரியாகச் சேராது. பாலில் உள்ள கால்சியமும் கேசின் என்கிற புரதமும் இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கின்றன. சாப்பாட்டோடு சேர்த்துப் பால் கொடுத்தால், சாப்பாட்டில் உள்ள இரும்புக்கும் அதே கதி. அதனால் பாலைச் சாப்பாட்டு நேரத்திலிருந்து தள்ளி வையுங்கள்.

ஒரு வயதுவரை பொறுக்கச் சொல்வதற்கும் முக்கியமான காரணம் இதுதான். அதோடு வேறு இரண்டும் உண்டு. பசும்பாலில் புரதமும் உப்புகளும் அதிகம். புரதம் மட்டுமே ஃபார்முலாவில் இருப்பதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். அந்தக் கழிவை வெளியேற்றச் சின்னச் சிறுநீரகம் கூடுதல் தண்ணீரைச் செலவழிக்க வேண்டியிருக்கும். சில குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாத அளவில் ரத்தக் கசிவும் ஏற்படும். உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், தாய்ப்பால் கிடைக்காத குழந்தைகளுக்கு 6 மாதத்திலிருந்தே விலங்குப் பால் கொடுக்க இடம் தருகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 12 மாதம் பொறுக்கச் சொல்கிறது. ஃபார்முலா கிடைக்கிற வீட்டில் அவசரப்பட ஒன்றுமில்லை. 12 மாதம் முடியட்டும். சமையலில் கொஞ்சம் பால் சேர்ப்பதற்கும், ஒரு கரண்டி தயிர் ஊட்டுவதற்கும் இந்தத் தடை கிடையாது. அதை 6 மாதத்துக்குப் பிறகே செய்யலாம். குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால், எந்தத் தேதியிலிருந்து கணக்கிடுவது என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வயது மட்டும் போதாது. குழந்தை ஒரு நாளைக்கு மூன்று வேளை, பருப்பு, முட்டை, இறைச்சி, மீன், கீரை இவற்றில் சிலதாவது உள்ள சாப்பாட்டைச் சாப்பிடுகிறதா என்று பாருங்கள். இரண்டு வாய்க்கு மேல் வாங்காத குழந்தை என்றால், முதலில் சாப்பாட்டைச் சரிசெய்துவிட்டுப் பிறகு பாலை மாற்றுங்கள்.

இனி மாற்றும் விதம். உடம்புக்காகப் படிப்படியாக மாற்றவேண்டிய கட்டாயம் இல்லை. ஒரே நாளில் கொடுத்தாலும் மறுக்காமல் குடிக்கிற குழந்தைகள் உண்டு. அவர்களுக்கு அப்படியே செய்யலாம். படிப்படி என்பது நாக்குக்காகவும் வயிறு பழகுவதற்காகவும். ஃபார்முலாவில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 7 கிராம் லாக்டோஸ் சர்க்கரை, பசும்பாலில் 5 கிராமுக்குச் சற்றுக் குறைவு. குழந்தைக்கு அந்த வித்தியாசம் உடனே தெரிந்துவிடும். அதற்காகச் சர்க்கரை போட்டுக் கொடுத்தால் மாற்றம் சுலபமாக நடக்கும். பிறகு அந்தச் சர்க்கரையை நிறுத்துவது அதைவிடப் பெரிய பாடாகிவிடும்.

180 மில்லி குடிக்கிற குழந்தை என்று வைத்துக்கொள்வோம். முதல் மூன்று நாள் 135 மில்லி ஃபார்முலா, 45 மில்லி பால். அடுத்த மூன்று நாள் 90-க்கு 90. அதற்கடுத்த மூன்று நாள் 45 ஃபார்முலா, 135 பால். பத்தாவது நாள் முழுவதும் பால். முகம் சுளித்தால் அந்தக் கட்டத்திலேயே இன்னும் இரண்டு நாள் நில்லுங்கள். ஃபார்முலாவை எந்தச் சூட்டில் கொடுத்தீர்களோ அதே சூட்டில் பாலையும் கொடுங்கள். சில குழந்தைகள் மறுப்பது சுவையை அல்ல, சில்லென்றிருப்பதைத்தான்.

கலக்கும் இடத்தில்தான் மோசமான தவறு நடக்கிறது. ஃபார்முலாவைத் தனியாக, தண்ணீரில் மட்டுமே கரைக்கவேண்டும். உங்கள் டப்பா 30 மில்லி தண்ணீருக்கு ஒரு கரண்டி என்று சொன்னால், 120 மில்லி தண்ணீரை முதலில் ஊற்றி, மேல்மட்டம் வழித்த நான்கு கரண்டி பவுடரைப் போடுங்கள். பவுடரும் இடம் பிடிக்கும் என்பதால் புட்டியின் கோட்டில் 135-ஐ ஒட்டி நிற்கும். அது ஆறிய பிறகு, காய்ச்சி ஆறிய பாலை 180 கோடு வரை ஊற்றினால் முதல் கட்டத்தின் கலவை தயார். மற்ற கட்டங்களில் ஃபார்முலாவை ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் கூடுதலாகக் கரைத்து, வேண்டிய அளவை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். கலந்ததை வைத்து வைத்துக் கொடுக்க வேண்டாம். குழந்தை வாய் வைத்து ஒரு மணி நேரம் ஆனால் மீதியைக் கொட்டிவிடுங்கள்.

தண்ணீருக்குப் பதிலாகப் பாலிலேயே பவுடரைக் கரைப்பவர்கள் இருக்கிறார்கள். 'ரெண்டு சத்தும் சேரட்டுமே' என்ற நல்லெண்ணம்தான். ஆனால் 180 மில்லி பாலில் ஆறு கரண்டி பவுடர் என்றால், ஒரு புட்டிக்குள் ஏறத்தாழ இரண்டு புட்டிக்கான சத்தும் உப்பும் அடைபட்டிருக்கும், தண்ணீரோ ஒரு புட்டிக்கானதுதான். குழந்தைக்குத் தாகம் எடுக்கும். தாகத்தைப் பசியென்று நினைத்து அடுத்த புட்டியையும் அப்படியே கொடுப்போம். மலம் கெட்டிப்படும், சிறுநீர் குறையும், உடலில் நீர் வற்றும்.

இதற்கு நேர்மாறான தவறு பாலில் தண்ணீர் கலப்பது. 'கெட்டிப் பால் செரிக்காது' என்று சொல்லிப் பாதிக்குப் பாதி கலந்தால், 100 மில்லியில் 65 கலோரி இருந்த இடத்தில் 32 ஆகிறது. வயிறு நிரம்பும், எடை ஏறாது. ஒரு வயது முடிந்த குழந்தைக்குக் கொழுப்பு நீக்காத முழுப்பாலே செரிக்கும். இரண்டு வயது வரை அந்தக் கொழுப்பு தேவை. மூளை வேகமாக வளரும் காலம் அது. கொழுப்பு குறைத்த பாக்கெட் வேண்டாம். பாலை ஆற்றும்போது மேலே படியும் ஆடையும் பெரும்பாலும் கொழுப்புதான். அது தொண்டையில் ஒட்டினால் குழந்தை குமட்டும் என்று வழித்து எறிகிறோம். காய்ச்சும்போதும் ஆறும்போதும் கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தால் ஆடை அவ்வளவாகப் படியாது. கறந்த பாலைக் காய்ச்சாமல் கொடுக்கவே கூடாது. பதப்படுத்திய பாக்கெட் பாலும் வழியெல்லாம் குளிரில் இருந்து வந்ததா என்று சந்தேகம் இருந்தால், ஒரு கொதி விட்டுவிடுவதே நல்லது.

அளவு ஒரு நாளைக்கு 350 முதல் 500 மில்லி. தயிர், பாலாடைக்கட்டி இவையும் இந்தக் கணக்கில் சேரும். தாய்ப்பாலும் குடிக்கிற குழந்தைக்கு இதைவிடக் குறைவாக இருந்தாலே போதும். 'பால்தானே, நல்லதுதானே' என்று ஒரு லிட்டர் வரை போகிற வீடுகள் உண்டு. ஒரு லிட்டரில் சுமார் 650 கலோரி; அந்த வயதுக்கு ஒரு நாளைக்கு வேண்டியதில் மூன்றில் இரண்டு பங்கு! பிறகு எந்தப் பசியில் அது சாப்பிடும்? பார்க்கக் கொழுகொழு என்று இருக்கும். கண்ணிமையின் உட்புறம் வெளிறியிருக்கும். எடை குறையாததால் ரத்தசோகை என்று வீட்டில் யாருக்கும் தோன்றாது.

மாற்றிய முதல் வாரத்தில் மலத்தின் நிறமும் பதமும் மாறினால் பயப்பட வேண்டாம். உருண்டை உருண்டையாக, முக்கி அழுதுகொண்டு போனால் முதலில் பாலின் அளவைப் பாருங்கள், 500-ஐத் தாண்டியிருக்கலாம். குறைத்துவிட்டு, தண்ணீரையும் பழத்தையும் கூட்டுங்கள்.

சாதாரண ஃபார்முலாவும் பசும்பாலிலிருந்து செய்யப்படுவதுதான். அதைப் பல மாதம் குடித்து ஒன்றும் ஆகாத குழந்தைக்குப் பசும்பாலில் திடீரென்று ஒவ்வாமை வருவது மிக அரிது. ஒவ்வாமைக்காகச் சிறப்பு ஃபார்முலாவோ சோயா ஃபார்முலாவோ குடிக்கிற குழந்தைக்கு மட்டும் நான் சொன்ன எந்த அட்டவணையும் பொருந்தாது. மருத்துவர் சொல்லாமல் ஒரு கரண்டி பசும்பால்கூடக் கொடுக்காதீர்கள். ஆட்டுப்பாலும் அதற்கு மாற்று ஆகாது, இரண்டிலும் புரதங்கள் கிட்டத்தட்ட ஒன்றே. யாருக்காயினும் பால் குடித்ததும் உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், விடாத வாந்தி, இழைப்பு, மலத்தில் ரத்தம் இவற்றில் ஏதாவது தெரிந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். மூச்சு விடச் சிரமப்பட்டால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காதீர்கள்.

புட்டியையும் இப்போதே கைவிடத் தொடங்குங்கள். பகல் வேளைப் பாலை முதல் நாளிலிருந்தே டம்ளரிலோ சிப்பரிலோ கொடுங்கள். சிந்தும், சட்டை நனையும். புட்டியில் 200 மில்லி குடித்த குழந்தை டம்ளரில் 100 குடித்தால் அது இழப்பு இல்லை, அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு அவ்வளவு இடம் கிடைத்தது. கடைசியில் போவது தூங்கும் நேரத்துப் புட்டிதான். வாயில் புட்டியோடு தூங்கினால் இரவு முழுக்கப் பால் பல்லில் நின்று சொத்தை விழும். குடித்து முடித்து, பல்லைத் துடைத்துவிட்டுப் படுக்க வையுங்கள். 18 மாதத்துக்குள் புட்டியே வீட்டில் இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு வயதுக்கு மேல் என்று விற்கிற 'வளரும் குழந்தைகளுக்கான' பவுடர் வேண்டுமா என்றும் கேட்பார்கள். வேண்டாம். அதே உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதலும் 12 மாதத்துக்கு மேல் அதைப் பரிந்துரைக்கவில்லை. ஆனால் ஃபார்முலாவில் வைட்டமின் டி சேர்ந்தே வந்தது, எல்லாப் பாலிலும் அது இருக்காது. சொட்டு மருந்து தொடரவேண்டுமா என்று அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது கேட்டுவிடுங்கள்.

பத்து நாள் முடிந்தும் டப்பாவில் பவுடர் மீந்திருக்கும். திறந்த டப்பாவைப் பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் முடிக்கவேண்டும். சரியான காலம் டப்பாவிலேயே அச்சிட்டிருக்கும். அதுவரை ஒரு வேளைப் பாலுக்குப் பதிலாக அதைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துத் தீர்த்துவிடலாம். தண்ணீரில் மட்டும்தான்.

நன்றி, வணக்கம்.