வேறொருவருக்காகத் திருட்டுப் பொருளை வைத்திருந்தால் சட்டம் என்ன செய்யும்?

[திரையில்: மூடிய பை ஒன்று அலமாரிக்குள் வைக்கப்படுகிறது.]

தெரிந்தவர் ஒருவர், சில நாள்கள் வைத்திருக்கும்படி சொல்லி ஒரு பையை உங்களிடம் கொடுத்துவிட்டுச் செல்கிறார். அதில் இருப்பது திருட்டுப் பொருள் என்று பின்னர் தெரியவருகிறது. நான் திருடவில்லை, விற்கவில்லை, இதனால் எனக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை, பிறகு எப்படி என் மீது வழக்கு வரும் என்று பலரும் கேட்கிறார்கள். வழக்கு வரலாம், தண்டனையும் கிடைக்கலாம். அதற்கான காரணத்தை இந்தியச் சட்டத்தையும் இங்கிலாந்துச் சட்டத்தையும் வைத்துப் பார்ப்போம்.

[திரையில்: பிரிவு 317]

இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆவது பிரிவு இதைப் பற்றிப் பேசுகிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 410 முதல் 414 வரையிலான பிரிவுகளில் இருந்தவை இங்கே ஒரே பிரிவாகியுள்ளன. திருட்டு மட்டுமல்லாமல் வழிப்பறி, மிரட்டிப் பறித்தல், நம்பிக்கை மோசடி, ஏமாற்றுதல் ஆகியவற்றின் மூலம் கைமாறிய பொருளும் சட்டத்தின் பார்வையில் திருட்டுப் பொருள்தான். அத்தகைய பொருளை, அது திருட்டுப் பொருள் என்று அறிந்தோ அப்படி நம்புவதற்குப் போதிய காரணம் இருந்தோ, நேர்மையற்ற முறையில் பெற்றுக்கொள்பவருக்கும் தன்னிடம் வைத்திருப்பவருக்கும் மூன்று ஆண்டுகள் வரை சிறைத்தண்டனையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

"நேர்மையற்ற முறையில்" என்ற சொல்லைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். தனக்கு ஆதாயம் தேடினால் மட்டுமே அது நேர்மையின்மை என்று சட்டம் சொல்லவில்லை. எவர் ஒருவருக்கும் முறையற்ற ஆதாயம் சேர வேண்டும் என்றோ, எவர் ஒருவருக்கும் முறையற்ற இழப்பு நேர வேண்டும் என்றோ எண்ணிச் செய்வது நேர்மையற்ற செயல். உரிமையாளரைத் தன் பொருளிடமிருந்து விலக்கி வைப்பதும் அத்தகைய இழப்பில் அடங்கும். ஆகவே, நண்பருக்காகப் பைசா வாங்காமல் ஒளித்து வைத்தேன் என்பது வழக்கிலிருந்து காப்பாற்றும் விடை ஆகாது. இதை அறியாமல், உதவிதானே என்று நினைத்துச் சிக்கிக்கொள்பவர்களை எண்ணியே இந்த வீடியோவைத் தயாரித்திருக்கிறோம்.

அடுத்தது, எப்போது அறிந்தோம் என்பது. வாங்கி வைத்தபோது உண்மையாகவே ஒன்றும் தெரியாதவர் அந்தக் கட்டத்தில் குற்றவாளி அல்லர். ஆனால் பின்னர் தெரிந்துகொண்டு, அதன் பிறகும் நேர்மையற்ற எண்ணத்தோடு தொடர்ந்து வைத்திருந்தால், அறிந்த அந்தக் கணத்திலிருந்து குற்றம் தொடங்குகிறது. பெறுவதைத் தனியாகவும் வைத்திருப்பதைத் தனியாகவும் சட்டம் குறிப்பிடுவது இதற்காகத்தான்.

பொருளை மறைக்கவோ, விற்று முடிக்கவோ, அப்புறப்படுத்தவோ தெரிந்தே துணை போவதும் இதே பிரிவில் தனிக் குற்றம். அதற்கும் மூன்று ஆண்டுகள் வரை சிறை உண்டு. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டோர் சேர்ந்து நடத்திய கூட்டுக்கொள்ளையில் வந்த பொருள் என்று அறிந்தே வைத்திருந்தால், ஆயுள் தண்டனை அல்லது பத்து ஆண்டுகள் வரை கடுங்காவல் என்று நிலைமை முற்றிலும் மாறிவிடுகிறது.

[திரையில்: திருட்டுக்கு 7 ஆண்டுகள், திருட்டுப் பொருளைக் கையாளுவதற்கு 14 ஆண்டுகள்]

இங்கிலாந்தின் 1968-ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டம், "வேறொருவரின் நன்மைக்காக" வைத்திருக்க உதவுவதையே பெயர் சொல்லிக் குற்றமாக்கியது. அங்கே திருட்டுக்கு அதிகபட்சம் ஏழு ஆண்டுகள். திருட்டுப் பொருளைக் கையாளுவதற்கோ பதினான்கு ஆண்டுகள். மறைத்து வைக்கவும் விற்றுக் கொடுக்கவும் ஆள் கிடைப்பதால்தான் திருட்டு ஒரு தொழிலாக நிலைக்கிறது என்ற எண்ணமே இதற்கு அடிப்படை; எனக்கு அது நியாயமாகவே படுகிறது. ஒருவர் காவலர்களிடம் பொருளைப் பற்றிச் சொல்லாமல் இருந்தது மட்டுமே உதவியாகிவிடாது என்று அந்நாட்டு நீதிமன்றம் ஒரு வழக்கில் கூறியது. ஆயினும், தன் இடத்தில் பொருள் இருக்க அவர் அனுமதித்தார் என்பதற்கு அந்த மௌனமே சான்றாகலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது.

எப்படி நிரூபிப்பார்கள்? திருட்டு நடந்த சிறிது காலத்திற்குள் பொருள் ஒருவரிடம் இருந்து, அது எப்படி வந்தது என்று அவரால் விளக்க இயலாவிட்டால், அவரே திருடியவர் அல்லது தெரிந்தே பெற்றவர் என்று நீதிமன்றம் ஊகிக்கலாம். இந்த ஊகத்திற்கு, பழைய இந்தியச் சாட்சியச் சட்டத்திற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்திலேயே இடம் உண்டு. ஆனால் அது கட்டாயமான ஊகம் அன்று. நம்பத்தகுந்த விளக்கம் அதைத் தகர்த்துவிடும். பொருள் அவருடைய வசம் இருந்தது என்பதையும் அரசுத் தரப்பே காட்ட வேண்டும். எவரும் வந்துபோகும் திறந்த வயலிலிருந்து நகைகள் எடுக்கப்பட்ட வழக்கொன்றில், குற்றம் சாட்டப்பட்டவர் அந்த இடத்தைக் காட்டினார் என்பதாலேயே அவை அவர் வசம் இருந்தன என்று கொள்ள முடியாது என்று 1950-களில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சந்தேகம் எழுந்துவிட்டால் என்ன செய்வது? கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். அதுவே ஆபத்தான வழி, ஏனெனில் திருடியவர் கைக்குப் பொருளை மீண்டும் சேர்ப்பது அதை அப்புறப்படுத்த உதவியதாகக் கருதப்படலாம். தூக்கி எறிவதும் அப்படித்தான். பொருளை மேலும் கையாளாமல், பெற்ற நாளையும் கொடுத்தவர் சொன்னதையும் எழுதி வைத்துக்கொண்டு, உடனே ஒரு வழக்கறிஞரை அணுகுங்கள். அவர் வழியாகக் காவல் நிலையத்தில் பொருளை ஒப்படைக்கும்போது, கைப்பற்றியதைப் பதிவு செய்யும் மகஜர் என்ற ஆவணத்தில் ஒவ்வொரு பொருளும் சரியாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்திட்டு, அதன் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.